தாய் உண்ட மருந்தும் மகள் உற்ற நோயும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் குறளின் பெருமையையும் கம்பன் கவிநயத்தையும் கேட்டு மகிழ்வது நம் சங்கத்தின் வழக்கம். அவற்றைப் பேசுவதற்குத் தமிழறிந்த பெரியோர் நம்மிடையே பலர் இருக்கின்றனர். மெட்ரிக்குலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, பார்சல் ஆபீஸில் இருபது ஆண்டுகளாகப் பேரேடுகளோடு பழகிவரும் என் போன்றவன் அவர்களுடைய பொருளைத் தொடுவது முறையன்று. ஆகையால், குடும்பங்களுக்குப் பயன்படக்கூடிய ஒரு பொருளைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். செயலாளர் அவர்கள் மனமுவந்து இசைந்தார்கள். நான் டாக்டர் அல்லன். மருத்துவம் சொல்ல வரவில்லை. நடந்த ஒரு வரலாற்றையே சொல்ல வந்திருக்கிறேன்.

இப்பொருள் பெண்களின் உடலைப் பற்றியது. ஆண்களும் பெண்களும் கூடியுள்ள சபையில் இதைப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். பேசாதிருந்ததனால் விளைந்த கேடே இவ்வரலாற்றில் பெரும்பகுதி. இதைக் கேட்டு முடித்தபின், பேசியது தகுமா தகாதா என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

மருந்து பிறந்த கதை

நம் உடலில் சில சுரப்பிகள் இருக்கின்றன. அவை இரத்தத்தில் மிகச் சிறிய அளவில் கலக்கும் பொருள்களுக்கு ஹார்மோன் என்று பெயர். அளவோ அற்பம், அவற்றின் ஆட்சியோ பெரிது. ஒரு சிறுமி பெரியவளாவதும், மாதவிலக்கு ஒழுங்காக நிகழ்வதும், கரு தங்கி வளர்வதும் இவற்றின் ஏவலால் நடப்பவை. அவற்றுள் பெண்மைக்குரிய முக்கியமான ஹார்மோன் ஈஸ்ட்ரோஜன் என்பது.

முற்காலத்தில் இந்த ஈஸ்ட்ரோஜனை விலங்குகளின் சிறுநீர் முதலியவற்றிலிருந்து பிரித்தெடுத்தார்கள். செலவோ அதிகம், கிடைப்பதோ கொஞ்சம். 1938ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் சார்லஸ் டாட்ஸ் என்னும் விஞ்ஞானியும் அவருடன் உழைத்தவர்களும், இயற்கை ஈஸ்ட்ரோஜனைப் போலவே வேலை செய்யக்கூடிய ஒரு பொருளைச் சோதனைச்சாலையில் உண்டாக்கினார்கள். அதன் பெயர் டை-எத்தில்-ஸ்டில்பெஸ்ட்ரால். பெயர் நீளமாகையால், அதை டி.ஈ.எஸ். என்று சுருக்கி வழங்குவர். நாமும் அவ்வாறே சொல்வோம்.

இதைச் செய்வது எளிது, விலை மலிவு, மாத்திரையாக வாயால் விழுங்கினாலே போதும். பொதுப் பணத்தில் நடந்த ஆராய்ச்சியாகையால், கண்டுபிடித்தவர்கள் இதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. உலகத்தார் எவரும் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டனர். நல்லெண்ணத்தோடு செய்த காரியந்தான். ஆனால் அதன் விளைவாக அமெரிக்காவில் எண்ணற்ற கம்பெனிகள் இம்மருந்தைத் தயாரித்துப் பல பெயர்களில் விற்கத் தொடங்கின. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது ஒரு வழக்கில் வந்து நிற்கப் போகிறது.

இம்மருந்தினால் நன்மையே இல்லை என்று சொல்லவும் முடியாது. ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோயை ஹார்மோன் முறையால் அடக்கலாம் என்பதை 1941இல் சார்லஸ் ஹக்கின்ஸ் என்பவர் காட்டினார். அச்சிகிச்சையில் டி.ஈ.எஸ். பெரிதும் பயன்பட்டது. அவருக்கு 1966இல் நோபல் பரிசும் கிடைத்தது. மருந்து கத்தியைப் போன்றது. யார் கையில், எதற்காக, எப்பொழுது என்பதே கேள்வி.

ஆசையும் விளம்பரமும்

கரு தங்கிக் கலைந்துபோகும் துயரத்தை இங்குள்ள தாய்மார்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அத்துயரத்தைத் தீர்க்க வேண்டும் என்ற நல்ல நோக்கத்துடன், அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் ஜார்ஜ் ஸ்மித், ஆலிவ் ஸ்மித் என்னும் தம்பதியர் ஆராய்ந்து வந்தார்கள். கரு கலையும் பெண்களின் உடலில் ஹார்மோன்களின் அளவு குறைந்திருப்பதை அவர்கள் கண்டார்கள். குறைந்ததைத் தூண்டி நிரப்பிவிட்டால் கரு நிலைக்கும் என்பது அவர்கள் கருத்து. கர்ப்பத்தின் தொடக்க வாரங்களில் நாளொன்றுக்கு 5 மில்லிகிராமில் தொடங்கி, சிறிது சிறிதாக உயர்த்தி, 35ஆம் வாரத்தில் நாளொன்றுக்கு 125 மில்லிகிராம் வரையில் டி.ஈ.எஸ். கொடுக்கும் முறையை வகுத்தார்கள். 1948இல் அதைப் பற்றி எழுதினார்கள். அதற்கு முந்திய ஆண்டிலேயே அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் கர்ப்பிணிகளுக்கு இம்மருந்தைக் கொடுக்க அனுமதி அளித்திருந்தது.

கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் இதில் ஓர் ஓட்டை உண்டு. ஹார்மோன் குறைந்ததனால் கரு கலைந்ததா, அல்லது கரு ஏற்கெனவே கெட்டுப் போனதனால் ஹார்மோன் குறைந்ததா? வண்டி வராததனால் பிளாட்பாரத்தில் விளக்கு எரியவில்லை என்றால், விளக்கை ஏற்றியவுடன் வண்டி வந்துவிடுமா? எது காரணம், எது காரியம் என்று பிரித்தறியாமலேயே மருந்து பரவிவிட்டது.

அதை அறிய ஒரே வழி ஒப்பிட்டுப் பார்ப்பது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் டீக்மன் என்னும் மகப்பேற்று மருத்துவரும் அவருடைய குழுவினரும் அதைச் செய்தார்கள். ஏறத்தாழ 1,600 கர்ப்பிணிகளில் பாதிப்பேருக்கு டி.ஈ.எஸ்., மற்றவர்களுக்கு அதே தோற்றமுடைய வெறும் மாத்திரை. 1953இல் முடிவு வெளியாயிற்று. மருந்தினால் பயன் சிறிதும் இல்லை! பிற்காலத்தில், 1978இல், அதே கணக்குகளை வேறு ஆராய்ச்சியாளர்கள் மீண்டும் எடுத்துப் பார்த்தபோது, பயனில்லை என்பது மட்டுமன்று, மருந்து உண்டவர்களுக்குக் கருச்சிதைவும் குறைமாதப் பிரசவமும் மிகுதியாகவே இருந்தன என்று தெரிந்தது. இச்சோதனையில் மற்றொரு வருத்தமும் உண்டு. தமக்குக் கொடுக்கப்படுவது இன்ன மருந்து என்று அப்பெண்களுக்குச் சொல்லப்படவில்லை.

1953இலேயே மருந்து நின்றிருக்க வேண்டுமன்றோ? நிற்கவில்லை. அதன் பிறகும் பதினெட்டு ஆண்டுகள் நடந்தது. கரு கலையும் அச்சமே இல்லாத ஆரோக்கியமான பெண்களுக்குக்கூட, குழந்தை கொழுகொழுவென்று பிறக்கும் என்ற விளம்பரத்தோடு இம்மாத்திரை கொடுக்கப்பட்டது. அமெரிக்காவில் மட்டும் தாய்மாரும் அவர்கள் வயிற்றிலிருந்த குழந்தைகளுமாக 50 லட்சம் முதல் ஒரு கோடி பேர் வரையில் இம்மருந்துக்கு உள்ளானார்கள் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலும் இது வழங்கிற்று.

பாஸ்டன் நகரத்து எட்டுப் பெண்கள்

1966ஆம் ஆண்டு முதல் பாஸ்டன் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் விசித்திரமான ஒரு காட்சி தென்படலாயிற்று. பதினைந்து முதல் இருபத்திரண்டு வயதுக்குட்பட்ட பெண்கள், பிறப்புவழியின் உட்புறத்தில் புற்றுநோயோடு வந்தார்கள். அவ்வுறுப்பில் புற்றுநோய் வருவதே அரிது. வந்தாலும் முதுமையில்தான் வரும். அதிலும், தெள்ளணுப் புற்று என்று சொல்லத்தக்க அவ்வகை, இளம்பெண்களிடம் காணப்படாத ஒன்று. சில ஆண்டுகளுக்குள் இப்படி ஏழு பேர். அதே நகரத்தின் வேறோர் ஆஸ்பத்திரியிலிருந்து எட்டாவதாக ஒருத்தி.

ஆர்தர் ஹெர்ப்ஸ்ட், ஹோவர்ட் உல்ஃபெல்டர், டேவிட் போஸ்கன்சர் ஆகிய மூன்று டாக்டர்கள் காரணம் தேடினார்கள். அவர்களுக்கு வழி காட்டியது நோயாளி ஒருத்தியின் தாய். 'இவள் என் வயிற்றில் இருந்தபோது நான் ஸ்டில்பெஸ்ட்ரால் சாப்பிட்டேனே, அதனால் இருக்குமோ?' என்று அந்த அம்மாள் டாக்டரிடம் கேட்டாள். இருபது ஆண்டுகளுக்கு முன் விழுங்கிய மாத்திரையை நினைவில் வைத்திருந்து, நாணாமல், அஞ்சாமல் அவள் கேட்ட அந்தக் கேள்வியில்தான் உண்மை ஒளிந்திருந்தது.

ஒரு தாயின் சந்தேகத்தை எப்படிச் சோதித்தறிவது? இதை என் தொழிலைக் கொண்டே விளக்குகிறேன். தூரத்து ஸ்டேஷன் ஒன்றில் எட்டுப் பார்சல்கள் சேதமாகி இறங்குகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கே சேதமாயிற்று? சேதமான எட்டை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்ப்பதனால் பயனில்லை. அதே நாளில், அதே ஸ்டேஷனில், அதே வகுப்பில் பதிவாகிச் சேதமின்றி வந்த பார்சல்களையும் எடுத்துப் பார்க்க வேண்டும். சேதமானவை எல்லாம் ஓரிடத்தில் இறக்கி ஏற்றப்பட்டவையாகவும், சேதமாகாதவற்றில் ஒன்றுகூட அவ்விடத்தைத் தொடாததாகவும் இருந்தால், குற்றம் எங்கே என்று சொல்ல வேறு சாட்சி வேண்டுமா?

அந்த டாக்டர்கள் செய்ததும் இதுவே. ஒவ்வொரு பெண்ணுக்கும் ஈடாக, அவள் பிறந்த அதே ஆஸ்பத்திரியில், ஐந்து நாள் முன்பின்னாக, அதே வகை வார்டில் பிறந்த நோயற்ற நான்கு பெண்களைத் தேடினார்கள். எட்டுக்கு முப்பத்திரண்டு. எல்லாத் தாய்மாரிடமும் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்டார்கள்: வயது, புகைபிடிக்கும் பழக்கம், எக்ஸ்ரே, முந்திய கருச்சிதைவு, உண்ட மருந்து முதலியவை. விடை வியப்புக்குரியது. நோயுற்ற எட்டுப் பேரில் ஏழு பேருடைய தாய்மார் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களுக்குள் டி.ஈ.எஸ். உண்ணத் தொடங்கியவர்கள். நோயற்ற முப்பத்திரண்டு பேருடைய தாய்மாரில் ஒருவர்கூட அதை உண்ணவில்லை. 1971 ஏப்ரல் 22ஆம் தேதி இது அச்சில் வந்தது. நான்கு மாதங்களுக்குள் நியூயார்க் மாநிலத்திலிருந்து இத்தகைய ஐந்து பெண்களைப் பற்றிய செய்தி வந்து இதை உறுதி செய்தது. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகம், கர்ப்பிணிகளுக்கு இம்மருந்தைக் கொடுக்கலாகாது என்று டாக்டர்களுக்கு அறிவித்தது. பிரான்சு, ஹாலந்து முதலிய நாடுகளில் அதற்குப் பின்னும் சில ஆண்டுகள் வழங்கியே பின்பு நின்றது.

கருவறையில் நடந்தது என்ன?

தாய் உண்டது தாய்க்குத்தானே, மகளுக்கு எப்படி என்று கேட்கலாம். நஞ்சுக்கொடி ஒரு கோட்டைச்சுவர், தீயது எதையும் குழந்தையிடம் விடாது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். தாலிடோமைடு என்னும் தூக்க மருந்தினால் கைகால் குறைந்த குழந்தைகள் பிறந்தது 1961இல் வெளிப்பட்டபோது அந்த நம்பிக்கை தகர்ந்தது. ஆயினும் தாலிடோமைடின் கேடு பிறந்த அன்றே கண்ணுக்குத் தெரிந்தது. டி.ஈ.எஸ். செய்த கேடோ, அழகான முழுக் குழந்தைக்குள்ளே பதினைந்து இருபது ஆண்டுகள் ஒளிந்திருந்தது.

கரு உருவாகும் முதல் மாதங்களில், பெண் குழந்தையின் உடலில் இரண்டு மெல்லிய குழாய்கள் இருக்கின்றன. மூல்லர் என்ற ஜெர்மானிய அறிஞரின் பெயரால் அவை வழங்கும். அவ்விரண்டும் கீழ்ப்பகுதியில் ஒன்றாகக் கூடியே கருப்பையும், கருப்பைக் கழுத்தும், பிறப்புவழியின் மேற்பகுதியும் உண்டாகின்றன. தொடக்கத்தில் அவ்வழியின் உட்பூச்சு, நீர் சுரக்கும் தூண் போன்ற அணுக்களால் ஆனது. சில வாரங்களில் அவை நீங்கி, தோலைப் போன்ற தட்டையான அணுக்கள் அடுக்கடுக்காக அமைய வேண்டும். அந்த நுட்பமான வேளையில் டி.ஈ.எஸ். வந்து புகுந்தால், அம்மாறுதல் முழுமை பெறுவதில்லை. இருக்கக்கூடாத இடத்தில் சுரப்பணுக்கள் திட்டுத்திட்டாகத் தங்கிவிடுகின்றன. பெண் பெரியவளாகி அவளுடைய சொந்த ஹார்மோன்கள் வேலை செய்யத் தொடங்கும் பருவத்தில், அத்திட்டுகளில் சில புற்றாக மாறுகின்றன. கர்ப்பத்தில் எவ்வளவு முன்னதாக மருந்து தொடங்கப்பட்டதோ அவ்வளவு ஆபத்து மிகுதி.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பயமுறுத்துவது என் நோக்கமன்று. இம்மருந்துக்கு உள்ளான பெண்களில் இப்புற்றுநோய் வந்தது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருத்திக்கே. மற்ற 999 பேருக்கு அது வரவில்லை. தொடக்கத்திலேயே கண்டறியப்பட்டவர்களில் பெரும்பாலோர் பிழைத்துமிருக்கிறார்கள். ஆனால் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி அறுவைச் சிகிச்சையில் கருப்பையை இழந்து பிழைப்பது எத்தகைய பிழைப்பு என்பதைத் தாய்மார் அறிவர்.

புற்றுநோயோடு கதை முடிந்துவிடவில்லை. 2011ஆம் ஆண்டில் வெளியான பெரிய ஆராய்ச்சி ஒன்று, இம்மருந்துக்கு உள்ளான 4,653 பெண்களையும் உள்ளாகாத 1,927 பெண்களையும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்துக் கணக்கெடுத்தது. பிள்ளைப்பேறு வாய்க்காமை, உள்ளானவர்களில் நூற்றுக்கு 33, மற்றவர்களில் 15. கருப்பைக்கு வெளியே கரு தங்குதல், முன்னவர்களில் நூற்றுக்கு 15க்குச் சற்றுக் குறைவு. பின்னவர்களில் 3க்குச் சற்றுக் குறைவு. கருப்பைக் கழுத்தில் புற்றுக்கு முந்திய மாறுதல், நூற்றுக்கு 7க்கு எதிராக 3 சொச்சம். நாற்பது வயதுக்கு மேல் மார்பகப் புற்றுநோய், நூற்றுக்கு 4க்கு எதிராக 2 சொச்சம். மருந்தை உண்ட தாய்மாருக்கும் மார்பகப் புற்றுநோய் சற்று மிகுதியாகவே கண்டது. கருவைக் காக்க வந்த மருந்து, ஒரு தலைமுறை கடந்து, மகளின் கருவையே கெடுத்தது என்பதைவிடக் கொடிய முரண்பாடு வேறு உண்டோ?

தாய்மாரின் மௌனமும் பேச்சும்

1971இல் பத்திரிகைகளில் செய்தி வந்தபோது லட்சக்கணக்கான தாய்மாரின் நிலையை எண்ணிப் பாருங்கள். டாக்டர் கொடுத்தார், குழந்தையின் நன்மைக்கென்று உண்டார்கள். இப்பொழுது வளர்ந்த மகளை எதிரே உட்காரவைத்து, 'உனக்கு இப்படி ஓர் ஆபத்து இருக்கிறது. அது நான் உண்ட மாத்திரையால் வந்தது' என்று சொல்ல வேண்டும். சொல்லவும் முடியவில்லை, சொல்லாமலிருக்கவும் முடியவில்லை. மகள் வருந்துவாளே என்று மறைத்தவர்கள் பலர். குற்ற உணர்ச்சியால் வாயடைத்துப் போனவர்கள் பலர். குற்றம் அவர்களுடையதன்று, ஆனால் தாயின் மனம் சட்டப் புத்தகம் பார்த்தா குற்றத்தைப் பகுத்துக்கொள்ளும்?

அந்த மௌனத்தை உடைத்தவர்களுள் ஒருவர் பாட் கோடி என்னும் அம்மையார். அவர் டாக்டர் அல்லர். கலிபோர்னியாவில் பெர்க்லி நகரில் கணவரோடு புத்தகக் கடை நடத்தியவர். தாமும் கர்ப்பகாலத்தில் டி.ஈ.எஸ். உண்டவர். அவர் தம் மகளிடம் உண்மையைச் சொன்னார். பிறகு, தம்மைப் போன்ற தாய்மாரையும் மகள்மாரையும் ஒன்றுகூட்டினார். 1970களில் டி.ஈ.எஸ். ஆக்‌ஷன் என்னும் அமைப்பு உருவாயிற்று. எந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும், டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்பவற்றை அவர்கள் வீடு வீடாகக் கொண்டு சேர்த்தார்கள். நம் சங்கத்தைப் போல, சந்தாவும் துண்டுப் பிரசுரமுமாக நடந்த ஒரு சங்கத்தால் இவ்வளவு செய்ய முடிந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

வழக்கு மன்றத்துக்குப் போன பெண்களுக்கு வேறொரு தடை காத்திருந்தது. முன்பு நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அது இதுதான். மருந்தைச் செய்தவை பல கம்பெனிகள். இருபது முப்பது ஆண்டுகள் கழிந்தபின், தாய் உண்டது எந்தக் கம்பெனி மாத்திரை என்று எப்படிக் காட்டுவது? டாக்டர் காலமாகியிருப்பார், மருந்துக்கடை மூடியிருக்கும், சீட்டு மக்கியிருக்கும். 1980இல் கலிபோர்னியா மாநில உச்ச நீதிமன்றம் ஒரு புதிய தீர்ப்புச் சொல்லிற்று. எந்தக் கம்பெனி என்று காட்ட முடியாவிட்டாலும், சந்தையில் எந்தக் கம்பெனிக்கு எவ்வளவு பங்கு இருந்ததோ அந்த விகிதத்தில் அது பொறுப்பேற்க வேண்டும் என்பது அதன் சாரம். உலகெங்கும் சட்டக் கல்லூரிகளில் அத்தீர்ப்பு இன்றும் கற்பிக்கப்படுகிறது.

நமக்கு இதில் என்ன?

'அமெரிக்காவில் நடந்ததை இங்கே ஏன் சொல்கிறாய்?' என்று கேட்பீர்கள். நம் நாட்டிலும், கரு தங்கியதா இல்லையா என்று அறிவதற்காக மிகுந்த அளவு ஹார்மோன் கொண்ட மாத்திரைகளையும் ஊசிகளையும் கொடுக்கும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. அவை டி.ஈ.எஸ். அல்ல, எனினும் வயிற்றிலுள்ள குழந்தைக்குக் கேடு வரலாம் என்று 1980களில் பெண்கள் அமைப்புகளும் சில டாக்டர்களும் பல ஆண்டுகள் போராடிய பின்னரே அவற்றுக்குத் தடை வந்தது. ஆகையால் இது அயல் வீட்டுக் கதை அன்று.

நம் காலனி வாழ்க்கைக்கு ஏற்ப நான்கு விண்ணப்பங்களைத் தாய்மார் முன் வைக்கிறேன்.

முதலாவது, சீட்டுகளைப் பற்றியது. மாற்றல் என்னும் சொல் நமக்குப் புதிதன்று. ஐந்தாறு ஆண்டுக்கு ஓர் ஊர். ஊருக்கு ஓர் ஆஸ்பத்திரி. அதிலும் நம் பெண்கள் கர்ப்பத்தின் முதல் மாதங்களை இங்கே கழித்துவிட்டு, பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு ரயிலேறிவிடுகிறார்கள். பாதிச் சீட்டு இங்கே, பாதிச் சீட்டு திருச்சியிலோ திருநெல்வேலியிலோ. சாமான் கட்டும்போது பழைய பாத்திரத்துக்குள்ள மரியாதை மருந்துச் சீட்டுக்கு இல்லை. இக்காலத்தில் பதிவுகள் கணினியில் ஏறுகின்றன என்பது உண்மையே. ஆனால் எல்லா இடத்துப் பதிவும் ஓரிடத்தில் கிடைப்பதில்லை. ஆகவே, வீட்டுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். கர்ப்பகாலத்தில் உண்ட மருந்தின் பெயர், தேதி, எத்தனை நாள், எந்த டாக்டர் என்று எழுதுங்கள். மகள் கல்யாணமாகிப் போகும்போது நகைப்பெட்டியோடு அந்த ஏட்டையும் அவளிடம் கொடுங்கள். இருபது ஆண்டு கழித்து எந்தக் கேள்வி எழும் என்று இன்று யார் அறிவார்?

இரண்டாவது, மாத்திரைகளைக் கைமாற்றாதீர்கள். 'எனக்குக் கேட்டது, நீயும் போட்டுக்கொள்' என்று பக்கத்துக் குவார்ட்டர்ஸுக்குக் கொடுப்பது அன்பினால்தான். ஆனால் குழம்பைக் கொடுப்பதும் ஹார்மோன் மாத்திரையைக் கொடுப்பதும் ஒன்றல்ல. கோவில், கல்யாணம், பண்டிகை என்று மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையைக் கடையில் தாமாகவே வாங்கி விழுங்குகிறார்கள். அதுவும் ஹார்மோனே. ஏற்கெனவே கரு தங்கியிருந்து அது தெரியாமலும் இருக்கலாம். டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடாதீர்கள்.

மூன்றாவது, இதைக் கேட்டுவிட்டு, டாக்டர் எழுதிய மருந்தைத் தூக்கியெறிந்துவிடாதீர்கள். இன்று கர்ப்பிணிகளுக்குச் சிற்சில காரணங்களால் கொடுக்கும் ஹார்மோன் மருந்துகள் டி.ஈ.எஸ். அல்ல. தாமாக மருந்தை உண்பது எவ்வளவு தவறோ, தாமாக நிறுத்துவதும் அவ்வளவு தவறு. ஆனால் கேளுங்கள்: 'இது எதற்கு, டாக்டர்? இதனால் பயன் உண்டென்று சோதித்துப் பார்த்திருக்கிறார்களா? குழந்தைக்கு ஏதேனும் ஆகுமா?' நல்ல டாக்டர் இக்கேள்வியால் கோபப்படமாட்டார். பாஸ்டன் நகரத்துத் தாய் கேட்ட கேள்வியைக் கோபிக்காமல் கேட்டுக்கொண்டதனால்தான் அந்த டாக்டர்களுக்கு உண்மை கிட்டியது.

நான்காவது, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் பற்றியது. நம் நாட்டில் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகத்துக்கு அடுத்தபடியாக அதுவே மிகுதி. அநேகமாக அது எச்.பி.வி. என்னும் கிருமியால் வருவது. அதைத் தடுக்கத் தடுப்பூசி இருக்கிறது. ஒன்பது முதல் பதினான்கு வயதுக்குள் போட்டுக்கொள்வது உத்தமம். முன்கூட்டியே கண்டறியப் பரிசோதனையும் இருக்கிறது. வலி இல்லாத, சில நிமிஷங்களில் முடியும் அந்தப் பரிசோதனைக்கு நம் பெண்கள் போகாததற்குக் காரணம் காசில்லாமை அன்று, வெட்கம். கண்ணாடி மாற்ற டாக்டரிடம் போக வெட்கப்படுகிறோமா? பல்லைக் காட்ட வெட்கப்படுகிறோமா? உயிரைக் காக்கும் பரிசோதனைக்கு மட்டும் வெட்கம் எதற்கு?

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. 'இது பெண்கள் சமாசாரம்' என்று செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வது நம்மில் பலருடைய வழக்கம். டி.ஈ.எஸ். ஆண் குழந்தைகளையும் விடவில்லை. விரை இறங்காமை முதலிய குறைகள் அவர்களிடமும் கண்டன. குடும்பத்தின் உடல்நலத்தில் ஆண் சமாசாரம், பெண் சமாசாரம் என்று தண்டவாளத்தைப் போல இரண்டு தனிக்கோடு கிடையாது. மனைவியையும் மகளையும் பரிசோதனைக்கு அழைத்துப்போய் வெளியே பெஞ்சில் காத்திருப்பதற்கு அரை நாள் லீவு போடுங்கள். அதைவிட நல்ல காரணத்துக்கு லீவு போட முடியாது.

அன்பர்களே! இவ்வரலாற்றில் அறிஞர்கள் பிழைபட்டார்கள். அறிஞர்களே அப்பிழையைக் கண்டுபிடித்தும் சொன்னார்கள். ஆகையால் விஞ்ஞானத்தை வெறுப்பது அறிவுடைமை ஆகாது. கண்ணை மூடிக்கொண்டு வணங்குவதும் அறிவுடைமை ஆகாது. ஒப்பிட்டுப் பார்த்தவர்களும், பதிவுகளைக் காத்து வைத்தவர்களும், வாய் திறந்து கேட்டவர்களுமே இதில் உயிர்களைக் காத்தார்கள். கணக்கெழுதும் குமாஸ்தாவும், வீட்டை ஆளும் தாயும் செய்ய முடியாத காரியம் இவற்றில் ஒன்றுமில்லை.